கிரேன்காரரின் கட்டைவிரல்

கிரேன்காரருக்கு உயரம் புதிதில்லை. பதினைந்து வருஷமாக வானத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர். அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச நாளாகக் கண்ணாடிக் கூண்டில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது. இரும்புக் கம்பிக் கட்டைத் தூக்கும்போதெல்லாம், இதோ விழப்போகிறது, கீழே நிற்கிறவன் நசுங்கப்போகிறான் என்று மனசு அடித்துச் சொல்கிறது. கீழே நிற்கிறவன் வேறு யாருமில்லை, கொக்கி மாட்டிவிடும் அவருடைய மச்சினன்.

அவனிடம் சொன்னால் அது அவன் அக்கா காதுக்குப் போகும், அதாவது இவர் மனைவிக்கு. மேஸ்திரிக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும். வெளியே மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், அந்த மகராசனோடு ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் ஒரு வாரச் சம்பளம் காலி. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் முறை வர ஐந்து மாதம் ஆகுமாம். அதுவரை பயம் வாசலில் காத்திருக்குமா என்ன? மிச்சமிருந்தது இலவசப் போன் உதவி. அதையும் ஆபீஸ் நேரத்தில்தான் எடுப்பார்களாம். பயப்படுகிறவர்கள் எல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நினைப்பு போலிருக்கிறது.

வேறு வழியில்லாமல், அவர் தூக்கவேண்டிய சரக்கு வரத் தாமதமான ஒரு பகலில், கூண்டிலிருந்தே கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தார். ஒரு பெண் குரல் பொறுமையாக என்ன செய்கிறது என்று விசாரித்தது.

"பயமா இருக்கும்மா. தூக்குறப்போ கை நடுங்குது. என் கையாலயே என் மச்சினன் செத்துருவானோன்னு..."

அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டார்.

வாயைத் திறந்தால் அவருடைய கட்டைவிரல் தானாக, கீழே உள்ளவர்களோடு பேசக் கையில் வைத்திருக்கும் வாக்கிடாக்கியின் பட்டனை அழுத்தும். அத்தனை வருஷப் பழக்கம். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, விரல் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. சொன்னது, அழுதது எல்லாம் மொத்த சைட்டுக்கும் கேட்டிருக்கிறது. அவருக்கு உயிரே போய்விட்டது. கீழே மச்சினன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான், பக்கத்தில் மேஸ்திரியும் நின்றார்.

விரலை எடுத்ததும் வாக்கிடாக்கி கரகரத்தது. மேஸ்திரிதான், வேலை போச்சு என்று கிரேன்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மேஸ்திரி இல்லை, பக்கத்துக் கிரேனை ஓட்டுகிறவன். அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிரேன் கையின் நுனிவரை விசிலடித்துக்கொண்டே நடந்துபோய் கிரீஸ் தடவுகிற ஆள், பயம் என்ன விலை என்று கேட்பவன். அவன் குரல் உள்ளே போயிருந்தது.

"அண்ணே, அந்தம்மா நம்பர் சொல்லுங்க. எனக்கும் வேணும். இப்பவே வேணும்ணே."

கிரேன்காரர் திரும்பிப் பார்த்தார். அவன் கிரேனின் கொக்கியில் ஒரு இரும்புக் கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.