நான் சிபாரிசு செய்த நாவல்

இந்த நாட்டில் பிள்ளைக்கு மட்டுமல்ல, தாய்க்கும் வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். குடும்பம் பற்றியும் மற்றவரை ஏற்றுக்கொள்வது பற்றியும் இளையோர் வாசிக்கத்தக்க நாவல் ஒன்றைச் சிபாரிசு செய்யுங்கள் என்று மகள் நுஸ்ராவின் டீச்சர் எல்லாப் பெற்றோருக்கும் கடிதம் அனுப்பியிருந்தார். டொரொண்டோவில் எட்டு மணிநேரம் நின்றபடி கோழியிறைச்சி பொதி செய்துவிட்டு வருகிறவளுக்கு நாவலாம்! எங்கள் பக்கத்தில் டீச்சர்மார் பெற்றோரைக் கூப்பிடுவது முறைப்பாடு சொல்லத்தான்.

ஆனாலும் நூலகத்தில் ஒன்றை எடுத்து, பஸ்ஸில் போகவர இரண்டு கிழமையில் வாசித்து முடித்தேன். அந்தக் கதையில் மூத்த மகன் வேறூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வர, வீடே முகம் திருப்பிக்கொள்கிறது. அவள் ஒன்றும் தேவதை இல்லை. கோபக்காரி, சமைக்கவும் தெரியாது. வந்தவள் யாரையாவது சாவிலிருந்து காப்பாற்றினால்தான் ஏற்றுக்கொள்வோம் என்கிற கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். இந்த வீட்டார் கடைசியில் அவளை அவளுடைய குறைகளோடேயே ஏற்றுக்கொள்கிறார்கள். அதனால்தான் சிபாரிசு செய்தேன்.

புத்தகத்தைக் கொடுத்தபோது, அதை ஏற்கெனவே வாசித்திருந்த டீச்சர், உங்கள் குடும்பமும் இப்படித்தானா என்று கேட்டார். முகம் திருப்பிய வீட்டை நினைத்து, அப்படியேதான் என்றேன். அவர் ஏற்றுக்கொண்ட வீட்டை நினைத்துவிட்டார். என் கையைப் பிடித்து, வகுப்புக்கு வந்து அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்றார். வாசிக்கிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் பேச வராது, விளக்கத் தெம்பும் இல்லை.

தொண்ணூறில் எங்கள் முஸ்லிம் சனம் முழுக்க மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளம் கரைத்தீவில் ஒதுங்கியபோது எனக்கு ஆறு வயது. தம்பி இர்ஷாத் அங்கேதான், ஓலைக் கொட்டிலில் பிறந்தான். ஆனாலும் எந்த ஊர் என்று கேட்டால் அவனும் மன்னார் என்றுதான் சொல்வான். எங்களில் எல்லோரும் அப்படித்தான். கலியாணமும் மன்னார் ஆட்களுக்குள்ளேயே. அவன் அங்கே பக்கத்துக் கற்பிட்டி ஊர்ப் பெண் ரிஸ்னாவை முடிக்கப்போவதாகச் சொன்னபோது, எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தது இங்கே இருந்த நான்தான்.

"வெங்காயத் தோட்டத்துல கூலிக்கு நிண்ட வாப்பாவ அகதி, அகதி எண்டு கூப்பிட்ட ஆக்கள்ட வீட்டுலயாடா பொண்ணெடுக்கப் போறாய்?" என்று போனில் கத்தினேன்.

"ராத்தா, அப்ப அவ பொறக்கவும் இல்ல," என்றான்.

அதோடு நாலு வருடமாக எங்களுக்குள் கதை இல்லை. உம்மாவும் வாப்பாவும் ஆறு மாதத்தில் சமாதானமாகிவிட்டார்கள். நான்தான் முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

டீச்சரைப் பார்த்துவிட்டு நடந்து வரும்போது நுஸ்ரா கேட்டாள்: "உம்மா, இர்ஷாத் மாமாட பேபிக்கு என்ன பேர்?"

எனக்குத் தெரியாது. பிள்ளை கிடைத்தது தெரியும். உம்மா பேரைச் சொல்ல வாயெடுத்தபோது நான் வேறு கதைக்குத் தாவிவிட்டேன். சீ, என்ன மனுசி நான்! மகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, அங்கே பொழுதுபட்டு மஃரிப் தொழுது முடிந்திருக்கும் நேரத்தில், தம்பியின் நம்பருக்கு எடுத்தேன். ரிஸ்னாதான் பேசினாள்.

"ஆரு கதைக்கிற?"

சொந்தத் தம்பி வீட்டில் நான் யாரென்று சொல்லவேண்டியிருந்தது. "நான்... கனடாவில இருந்து. இர்ஷாத்ட ராத்தா."

பின்னால் ஒரு பிள்ளை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்கு என்ன பேர் வெச்சீங்க?" என்று கேட்டேன்.

சொன்னாள். கந்தோரில் படிவம் நிரப்புகிற முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்வதைப்போல, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நானும் எழுதிக்கொள்கிறவளைப்போல ஓம், ஓம் என்றேன்.