ரேடியேட்டரில் கரைத்த கேழ்வரகு மாவு

யுத்தம் முடிந்த மறு வருடம், சித்திரை மாதம், திருத்தணியில் நடந்தது இது. என் தகப்பனார் பத்து நாளாகப் படுக்கையில் இருந்தார். அன்று காலை வைத்தியர், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆர்.கே.பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவை அழைத்துவர என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஆனால் அதன் ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் முன்பே, மாவு ஓட்டையை அடைத்துவிடும் என்று யாரோ ஒரு டிரைவர் சொன்னதைக் கேட்டு, இரண்டு பிடி கேழ்வரகு மாவைக் கரைத்து அதில் ஊற்றியிருந்தேன். ஒழுகல் குறைந்தது, நிற்கவில்லை.

கடைத்தெரு மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றியதும், உள்ளே ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். முந்தின மாதம் இதே காரியத்தைச் செய்த ஒரு லாரி டிரைவரிடம், "ரேடியேட்டர்னு நெனச்சியா, கூழ்ப் பானைன்னு நெனச்சியாப்பா?" என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஒன்றும் போடவில்லை என்றேன்.

குழாய் வாய்களை மரக்கட்டையும் ரப்பரும் வைத்து அடைத்தார். கல்தொட்டித் தண்ணீரில் அமுக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்தார். கீழ் மூலையில் குமிழி வந்தது. அந்த இடத்தில் ஈயம் பற்றவைத்து மறுபடி அமுக்கினார். தண்ணீரோடு முகத்தை ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. தைரியமாகப் போகலாம் என்றார்.

வீட்டில் எட்டிப் பார்த்தபோது தகப்பனார், "பொண்ணு வந்துகினு இருக்குதா?" என்றார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள் என்று சொல்லிப் புறப்பட்டேன்.

போகும்போது கார் நன்றாகத்தான் ஓடியது. அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், கே.ஜி.கண்டிகை அருகே ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது. ஆறவிட்டு, ஒரு குடியானவர் கிணற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினோம். அரை மைல் போனதும் மறுபடி கொதித்தது. மூன்றாம் முறை இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. நான் திரும்பி நடந்து போய்ச் சொல்ல, அந்தக் குடியானவரே மாட்டு வண்டி பூட்டினார். வழியெல்லாம் அக்கா கேட்டது ஒன்றுதான்: "நைனா பேசறாராடா?"

பேசுகிறார் என்றேன். நான் புறப்பட்டபோது அது உண்மை.

வீடு சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் உயிர் போயிருந்தது. கடைசி வரை, வாசலில் கார் சத்தம் கேட்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம். அக்கா அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

காரியங்கள் முடிந்த பிறகு மெக்கானிக் ரேடியேட்டரை மறுபடி கழற்றினார். கீழ்க்குழாயிலிருந்து வெந்த மாவு கட்டி கட்டியாக விழுந்தது. ஒரு கட்டியைக் கையிலெடுத்துப் பார்த்தார். கேலி செய்யவில்லை.

"காத்தடிச்சா ஓட்டைதாங்க தெரியும், அடைப்பு தெரியாது. அதுக்குத்தான் கேட்டேன். சொல்லியிருந்தா சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வெச்சுக் கழுவியிருப்பேன். ஒரு மணி நேரம் ஆயிருக்கும்."

அந்த ஒரு மணி நேரம் போனாலும் அக்கா அவரைப் பார்த்திருப்பாள்.

இன்றும் அந்த நாள் பேச்சு வந்தால், "பழைய வண்டி, அவன் இன்னா பண்ணுவான், பாவம்" என்று அக்கா எனக்காகப் பேசுகிறாள். இத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இதைப் படித்த பிறகாவது அவள் அப்படிச் சொல்லக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.