வெட்டச் சொன்ன தகடு

எங்கள் நாவலூர் அடுக்ககத்தின் கேட் துருப்பிடித்துவிட்டது என்று இன்று காலை ஒருவர் வந்து கிரைண்டரால் அறுத்துக்கொண்டிருந்தார். சூடான இரும்பும் கருகிய பெயிண்டும் கலந்த வாசனை நாலாவது மாடி வரை ஏறி வந்தது. பக்கத்து வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக் கதவைச் சாத்தினார். நான் கையிலிருந்த காப்பி ஆறும்வரை அங்கேயே நின்றேன். பி.காம். முடித்ததும் நான் முதலில் வேலை பார்த்த இடம் இப்படித்தான் மணக்கும்.

அது இரும்புலியூரில் பழைய கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப். பில் போடவும் போன் எடுக்கவும் ஆள் கேட்டிருந்தார்கள். பள்ளி ஆசிரியரான அப்பா, பெண்ணுக்கு பேங்க் வேலை கிடைக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தார். கர்த்தர் கார் ஷெட்டுக்கு அனுப்பிவைத்தார். ஃபெண்டர் எது, பம்பர் எது என்றே தெரியாமல் முதல் வாரம் ஒரு பில்லில் இரண்டையும் மாற்றிப் போட்டேன். அந்த வாடிக்கையாளர் நல்ல மனிதர், சிரித்துவிட்டுப் போனார்.

ஓனர் பெயர் செல்வகுமார். குரலை உயர்த்தவே மாட்டார். யாரையும் ‘டா’ போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வேலையாட்களுக்குப் பிறந்தநாள் என்றால் அவரே கேக் வாங்கி வருவார். அவருக்குள் என்ன இருந்தது என்று தெரிய எனக்கு நாளானதற்கு அந்த கேக்கும் ஒரு காரணம்.

வெல்டர் ஏழுமலை அண்ணன் கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். அவர் அம்மா மீன் விற்பவர். கடலை விட்டுவிட்டு ஏன் கார் பக்கம் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“கடலு எங்க வூட்டு ஆணி, கத்தி, சைக்கிளு எல்லாத்தியும் துன்னுச்சுமா. துருவ எனுக்கு சின்ன வயசுலேந்தே தெரியும்” என்றார்.

அந்தத் துருதான் டேனியல் சாரை எங்களிடம் கூட்டி வந்தது. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், எங்கள் சர்ச்சுக்கு வருபவர். அவரிடம் அவருடைய அப்பா காலத்து அம்பாசிடர் இருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே இருந்த தகடு விரலால் குத்தினாலே உள்ளே போனது. புதுத் தகடு கடையில் கிடைக்கவில்லை. ஏழுமலை அண்ணன் சாதாரணத் தகடு ஒன்றை மணல் மூட்டை மேல் வைத்துத் தட்டித் தட்டியே அந்த வளைவைக் கொண்டுவந்தார். பிறகு உளுத்ததை அறுத்து எடுத்துவிட்டு, புதியதைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, வெல்டிங் வைத்தார். ஒரே கோடாக இழுக்க மாட்டார். இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி இன்னொரு பொட்டு, இடையில் ஈரத்துணி. ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு அப்பளம் போல நெளிந்துவிடுமாம். எனக்கு இன்றைக்கும் அப்பளம் பொரிக்கும்போது அவர் ஞாபகம் வரும். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

அந்த வேலை நடக்கும்போதுதான் கூடுவாஞ்சேரியில் தனியாகக் கடை போடப்போவதாக ஏழுமலை அண்ணன் ஓனரிடம் சொன்னார். இந்த வண்டியை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று முறையாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற டேனியல் சாருக்கு ஒரே சந்தோஷம்.

“நீ கடையப் போடு ஏழுமலை. நம்ம சர்ச்லயே பழைய வண்டி வெச்சிருக்கவங்க நிறைய பேர் இருக்காங்க. எல்லாரையும் நான் அனுப்பறேன்.”

செல்வகுமார் அண்ணனைத் தோளோடு அணைத்து, “நல்லா வரணும்பா” என்றார். எல்லோருக்கும் மைசூர்பாகு வரவழைத்தார். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

வெல்டிங் முடிந்து தேய்த்து வழவழப்பாக்கி, பெயிண்டுக்குப் போகும் முன் டேனியல் சாரைப் பார்க்க வரச்சொன்னார்கள். அவர் வந்ததும் செல்வகுமார் குனிந்து, கதவுக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தீக்குச்சி ஒன்றை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தார்.

“கேப் சரியில்லையே ஏழுமலை.”

“காலீல நீதானண்ணா பாத்துட்டு ஷோக்கா கீதுன்ன?”

“கட் பண்ணிடுப்பா.”

டேனியல் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லையே என்றார்.

“உங்களுக்குத் தெரியாது சார். நாளைக்கு பேர் கெடப்போறது எனக்கு. என் செலவுலயே புதுசு போட்டுத் தரேன்.” பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, அதே மென்மையான குரலில் சொன்னார்: “உன்னால முடியலன்னா சொல்லு, பையனுங்கள விட்டு அறுத்துக்கறேன்.”

வேறு கை அந்த வண்டியில் பிளேடை வைத்தால் நல்ல தகடும் சேர்ந்து போகும். ஏழுமலை அண்ணன் கிரைண்டரை எடுத்தார். தான் பொட்டுப் பொட்டாக வைத்த கோட்டின் மேலேயே, நூல் பிசகாமல், மெதுவாக அறுத்தார். ஷெட்டில் மற்ற வேலைகள் எல்லாம் நின்றுவிட்டன. தகடு கழன்று கையில் வந்ததும் அதைக் கீழே போட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார். செல்வகுமார் வாங்கி, என் மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார். சாக்பீஸால் அதன் மேல் ‘இப்படிச் செய்யாதே’ என்று எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு.

அண்ணன் மறுபடி மணல் மூட்டையை இழுத்துப் போட்டு இரண்டாவது தகட்டைச் செய்தார். இந்த முறை கதவோரம் லேசாக நெளிந்துவிட்டது. என் கண்ணுக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செல்வகுமார் விரலால் தடவிவிட்டு, “இப்போ பர்ஃபெக்ட்” என்றார்.

வண்டி எடுக்க வந்த டேனியல் சார் ஓனரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போகும்போது அண்ணனிடம், “தப்பு பண்றது தப்பில்லப்பா. கத்துக்காம தனியா போறதுதான் தப்பு. இன்னும் கொஞ்ச நாள் அவர்கிட்டயே இரு” என்றார்.

“செரி சார்” என்றார் ஏழுமலை அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டேனியல் சாரை நிறுத்தி, முதல் தகடு சரியாகத்தான் இருந்தது, இரண்டாவதுதான் நெளிந்தது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நீ சின்னப் பொண்ணும்மா. அந்த மனுஷன் தன் கைக்காசப் போட்டு திரும்ப செஞ்சு குடுத்திருக்கார். கெட்ட எண்ணம் இருக்கிறவன் தனக்கே நஷ்டம் பண்ணிப்பானா?”

  பழைய வண்டி வைத்திருந்த சர்ச்சுக்காரர்கள் ஒவ்வொருவராக செல்வகுமாரிடம் வந்தார்கள். அவர்களுக்கு நான்தான் பில் போட்டேன். ஏழுமலை அண்ணன் சொன்னபடியே விலகி, கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டார்.

இப்போது டேனியல் சார் இல்லை. அவர் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து வண்டியை விற்றுவிட்டார். ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் மூன்று மாடிக்குத் துணிக்கடை. அந்த இடத்தை நல்ல விலைக்குக் கொடுத்த செல்வகுமார் சௌக்கியமாக இருக்கிறார். பண்டிகைக்குப் பண்டிகை எனக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவார்.

போன வருடம் கூடுவாஞ்சேரிக்கு ஒரு மனை பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் மனை விற்கும் ஆபீசில் புரோக்கரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, எதிர் டீக்கடையில் ஏழுமலை அண்ணன் கடையை விசாரித்தேன்.

“தோ, இந்த மனை ஆபீஸ் கீதே, அதாம்மா அவுரு ஷெட்டு. டெய்லி வந்து தொறப்பாரு, பெருக்குவாரு, ஒக்காந்துகினு இருப்பாரு. அப்பால வர்ல. எங்க போனாருன்னு தெரியாது.”

திரும்பிப் பார்த்தேன். தகரக் கூரையும் சுவரும் போய்விட்டன. அவர் போட்ட சிமெண்ட் தரை மட்டும் ஆபீசுக்கு முன்னால் அப்படியே இருந்தது. பைக் நிறுத்துகிறார்கள். கார் வேலை நடந்த தரையை எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்க் கறை போகாது, எனக்குத் தெரியும். அந்தத் தரையில் ஒரு கறைகூட இல்லை.