நிழல் படாத பால் டின்

ரயில்வேக்காரர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் எங்கள் இங்கிலீஷ் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் என்று ஒரு பாடம் அதற்கு முன்பு இருந்ததில்லை. தையல் இருந்தது, சுகாதாரம் இருந்தது, பூவை வரைந்து வண்ணம் தீட்டுவது இருந்தது. நான் ஏழாம் ஸ்டாண்டர்டுக்குப் போன வருஷம், விடுமுறைக்குக் கப்பலேறிப் போயிருந்த வெள்ளைக்கார மிஸ் ஒருவர் பெட்டி நிறையக் கண்ணாடிச் சாமான்களோடு திரும்பி வந்தார். தையலறைக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைக் கழுவிவிட்டு, இனி இதுதான் சயன்ஸ் ரூம் என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த விஞ்ஞானம் அந்த ஒரு வருஷம்தான். மற்றதெல்லாம் இரவல் புத்தகங்களிலும், நாலு பேரிடம் வாய் கொடுத்தும் நானாகச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அந்த அறையில் எரிந்த ஸ்பிரிட் விளக்கின் வாடை எங்கேயாவது வந்தால், என் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

அவள் என் பெஞ்சுக்காரி. யாழ்ப்பாணத்துப் பெண். அவள் அப்பா ரயில்வே ஆபீசில் கிளார்க், என் அப்பா அதே ரயில்வேயில் ஃபிட்டர். நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள்; அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தேவாரம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் குவார்ட்டர்ஸ், இந்தப் பக்கம் எங்களுடையது. அவளுக்கு லேடி டாக்டர் ஆகவேண்டும் என்று ஆசை. "அப்பா ஓம் எண்டுதான் சொல்லுவார். அம்மாதான்..." என்று இழுப்பாள். அவர்கள் பேச்சில் ஓம் என்றால் ஆமாம்.

ஒரு நாள் மிஸ்ஸுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் தேவைப்பட்டது. பெட்டியில் வந்த புட்டி வழியிலேயே உடைந்துபோயிருந்தது. மறுநாள் இவள் தன் அம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பை இலையில் மடித்துக் கொண்டுவந்துவிட்டாள். கரைத்துத் தெளியவிட்டு மேல்தண்ணீரை வடித்தோம். ஊதுவதற்குக் குழாய் போதவில்லை, பப்பாளி இலைக் காம்பை ஒடித்துக்கொண்டோம். அவள் ஊத ஊத, தெளிந்த தண்ணீர் பாலாக வெளுத்தது. "பாரடி, என்ர மூச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் தையலறை மிஸ் எட்டிப் பார்த்தார். தமிழில் பேசியதற்காக இருவரையும் மூலையில் நிறுத்தினார். அங்கேயும் சிரிப்பு அடங்கவில்லை.

கரும்பலகையின் ஓரத்தில் மிஸ் ஒரு விதியை எழுதி, அதை யாரையும் அழிக்க விடமாட்டார். எதைச் சோதித்தாலும் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. அவள் அதைச் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டாள்.

மழை பிடித்த ஒரு வாரத்தில் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்று சொன்னார்கள். என் அம்மா, "போய்ப் பார்த்துட்டு வா. தொட்டுக்கிட்டு மட்டும் நிக்காதே" என்றார்.

"நம்ம வேதத்துல அதெல்லாம் இல்லைன்னு நீதானே சொல்வே?"

"வேதத்துல இல்லதான். கறிவேப்பிலைச் செடிக்கு வேதம் தெரியுமா? போன வருஷம் நீ தொட்டுத்தானேடி பட்டுப்போச்சு!"

எந்தச் சாமியிலும் ஒத்துப்போகாத இரண்டு வீடுகள் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின.

அவளைப் பின்னறையில் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன்.

"சாமத்தியச் சடங்கு முடியட்டும், பிறகு பள்ளிக்கூடத்தைப் பாப்பம் எண்டு அம்மா சொல்லுறா" என்றாள். "அம்மா பாப்பம் எண்டால் இல்லை எண்டுதான் அர்த்தம்."

"ஏனாம்?"

"நான் தொட்டா துளசி கருகிப்போகுமாம். என்ர நிழல் பட்டாலே முருங்கை பூவைக் கொட்டுமாம். அப்பிடியான ஆள் என்னெண்டு பள்ளிக்கூடம் போறது?" பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கண் மின்னியது. "வாடாது எண்டு காட்டினா? அவ என்ன சொல்லுவா?"

மறுநாளே இரண்டு பால் டின்களோடு போய் நின்றேன். ஒரே மண், ஒரே கைப்பிடியில் அள்ளிய பாசிப்பயறு. ஒரு டின்னில் அவள் விதைத்து, அவளே தண்ணீர் விட்டு, இலையைத் தடவிக்கொடுக்க வேண்டும். இன்னொன்று முழுக்க என் பொறுப்பு. வெயில் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று இரண்டையும் ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

"ஐயோ, பிழை, பிழை!" என்றாள். "என்ர நிழல் உன்ர டின்னிலயும் விழுதெல்லோ? பிறகு அம்மா அதைப் பிடிச்சுக்கொள்ளுவா." கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். உள்ளே விளக்கு ஏற்றி அவள் நிழல் ஜன்னலில் விழும் நேரத்தில் நான் என் டின்னைத் தள்ளி வைக்க வேண்டும், பகலில் அவள் ஜன்னலைவிட்டு எட்டி உட்கார வேண்டும். தீட்டோடு உட்கார்ந்திருந்த பெண் தன் நிழலுக்கே காவல் இருந்தாள்.

பயறு முளைத்தது. இரண்டிலும் ஒரே நாளில் முளைத்தது. இரண்டும் நிமிர்ந்தன, இலை விட்டன. அவளுடையது ஒரு சுற்று அதிகமாகவே செழித்திருந்தது. "நான் அதோட கதைச்சுக்கொண்டிருக்கிறன், அதுதான்" என்றாள். "அப்ப ரெண்டாவதா ஒண்ணை மாத்திட்டே. மிஸ் ஒத்துக்கமாட்டாங்க லா" என்றேன். அந்த ஜன்னலில் நாங்கள் கடைசியாக வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சடங்குக்காக அவளுக்குத் தண்ணீர் வார்த்த நாளில் வீடு முழுக்கப் பலகார வாசம். அவளுக்குப் பட்டு உடுத்தி, பூ வைத்திருந்தார்கள். ஆட்கள் கலைந்ததும் இரண்டு டின்களையும் தன் அம்மா முன்னால் கொண்டுவந்து வைத்தாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மண், தண்ணீர், வெயில், நிழல் எதையும் விடவில்லை. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் படிப்பு முழுவதும் அந்த இரண்டு டின்களில் நிற்பதாகவே எனக்கும் பட்டது.

அம்மா குனிந்து பார்த்தார். அவள் வளர்த்த செடியின் இலையை விரலால் நிமிர்த்தினார். "வடிவா வந்திருக்கு பிள்ளை" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

"அப்ப நான் திங்கக்கிழமை போகட்டோ அம்மா?"

"செடிக்குப் பயந்தோ நான் உன்னை மறிச்சனான்?" என்றார் அம்மா. கோபமே இல்லை. "ரோட்டில நாலு பேர் பார்ப்பினம். நாளைக்கு உனக்கு ஒரு இடம் பேச வேணும். அதுக்கு நான் எந்த டின்னைக் கொண்டுபோய்க் காட்டுறது?"

அவள் அப்பா பேப்பரை மடித்தார், விரித்தார்.

மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். அடுத்த வாரம் அவள் வீட்டுக்கும் போனார். தேத்தண்ணியும் முறுக்கும் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஜன்னலுக்குப் போனதும், "இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்பாள். காந்தத்தைச் சொன்னேன், பட்டகக் கண்ணாடியில் ஏழு நிறமாக உடைந்த வெளிச்சத்தைச் சொன்னேன். முதலில் குறுக்குக் கேள்வியாகக் கேட்டு என்னைத் திணறடிப்பாள். பிறகு கேட்டுக்கொள்வாள். பிறகு தலையாட்டுவாள். தைப்பிங் ஊரில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகப் பேச்சு வந்தது.

வருஷக் கடைசியில் ஹைட்ரஜன் செய்தோம். துத்தநாகத் துண்டின் மேல் அமிலம் ஊற்றி, வரும் வாயுவைக் குழாயில் பிடித்து, குழாயின் வாயருகே நெருப்பு காட்டினால் 'டப்' என்று வெடிக்கும். வகுப்பே கைதட்டியது. நான் புத்தகப்பையோடு தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன்.

அவள் தலையணை உறையில் பூ பின்னிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்கும் முன், "பாசார் நூல்கடையில பச்சை நூல் வந்திட்டுதோ, பார்த்தனியோ?" என்றாள்.

நூலைப் பற்றிச் சொல்லாமல் ஹைட்ரஜனைச் சொன்னேன். ஊசி நின்றது.

"சத்தம் பெரிசோ?"

"பெரிசில்ல. ஆனா நீ இருந்திருந்தா என் கையைப் பிடிச்சிருப்பே."

அவள் உறையை மடியில் வைத்தாள். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போனது.

"திருப்பிச் சொல்லு" என்றாள். "முதல்ல எதை ஊத்தினனீங்கள்?"

நான் முதலிலிருந்து சொன்னேன்.