பதினேழாம் நம்பர்

தாராவியில் எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஹாஜரி எடுக்கும்போது பெயர் சொல்ல மாட்டார்கள், நம்பர்தான். நான் பதினேழு. எமர்ஜென்சி வந்த பிறகு ஒருநாள் டீச்சர் பதினாறு சொன்னார், அடுத்துப் பதினெட்டு சொன்னார். கண் முன்னால் உட்கார்ந்திருந்த நான் இல்லாமல் போனேன்.

மூன்று பிள்ளைக்கு மேல் பெற்ற அப்பாக்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும், அவர்களைக் கருத்தடை ஆபரேஷனுக்குப் பிடித்துப் போவார்கள் என்று டீச்சருக்கு உத்தரவு. அவர் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளின் நம்பருக்கு நேரே 'சொந்த ஊருக்குப் போயாச்சு' என்று எழுதிவிட்டார். "யாரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்கப்படாது, கேட்டியளா?" என்று மட்டும் எங்களிடம் சொன்னார். இரண்டு மாதம் அப்படியே போனது. சில நாள் பெஞ்சில் உட்கார்ந்தபடி என்னையே கிள்ளிப் பார்த்துக்கொள்வேன்.

பிறகு சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். ரெஜிஸ்டரைப் பிடுங்கி, ஊருக்குப் போனதாக எழுதியிருந்த நம்பர்களை மட்டும் இந்தியில் வாசித்தார். மற்றப் பிள்ளைகள் மூச்சு விடவில்லை. சத்ரா, அதாவது பதினேழு, என்றதும் நான் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றேன். பயத்தில் இல்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்களே என்ற சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

அப்பா அன்றைக்கே ரயிலேறித் தப்பிவிட்டார். டீச்சர் வகுப்பு வாசலில் கிடந்த செருப்பை நிதானமாகப் போட்டுக்கொண்டு, அதிகாரியின் ஜீப்பில் ஏறினார். பல மாதம் கழித்து வந்தார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

போன மாதம்தான் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிச்சல் வந்தது. செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நினைவு தப்பிவிட்டது. "நாலு மணிக்கு ஹாஜரி எடுப்பாங்க, பயந்துராதீங்கக்கா" என்றாள் மகள்.

நாலு மணிக்கு, கட்டிலில் உட்கார்ந்து வெற்றுச் சுவரைப் பார்த்து டீச்சர் ஆரம்பித்தார். ஒவ்வொரு நம்பருக்கும் நிறுத்தி, காது கொடுத்து, யாரோ பதில் சொன்னதுபோலத் தலையாட்டினார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பதினாறு. பதினெட்டு. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னை ஒளித்துத்தான் வைத்திருந்தார்.

தாங்க முடியவில்லை. "பதினேழு, உள்ளேன் டீச்சர்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "ஏட்டி, ஏன் வாயத் தொறந்த?" என்றார் மெதுவாக. "சரி, சரி, அழாத."

பிறகு வாசலைப் பார்த்தபடி, கட்டிலுக்கு அடியில் காலால் துழாவிச் செருப்பைத் தேடினார்.