அக்கா அனுப்பிய சைபர்

என் அக்கா பொய் சொல்லிவிட்டாள் என்று ஓர் ஊரே பேசுகிறது. அவள் சொல்லவில்லை. சொன்னது நான் சம்பளம் வாங்குகிற கம்பெனி. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் மாமனாரின் பலசரக்குக் கடைக்கு மேலே மாடி அறையில் உட்கார்ந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறேன். கீழே லோடு இறக்கும் சத்தம் கேட்டால் மீட்டிங்கில் மைக்கை அணைத்துக்கொள்வேன். என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இங்கே கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வயிற்றெரிச்சல் முழுக்க அந்த விளக்கத்துக்குள்தான் இருக்கிறது.

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் இணையம் வழியாகப் பேசும் ஏற்பாட்டை ஏபிஐ என்கிறோம். எதை அனுப்பலாம், எந்தப் பெயரில் அனுப்ப வேண்டும், அது எண்ணா எழுத்தா, கட்டாயம் வேண்டுமா இல்லாவிட்டாலும் பரவாயில்லையா என்றெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்கும் ஒப்பந்தம்தான் ஸ்பெக் ஃபைல். அந்த ஃபைலைப் பிரித்துப் படித்து, அதற்குள்ளேயே ஒன்றுக்கொன்று முரணாக ஏதாவது இருக்கிறதா என்று சோதிக்கும் நிரலை எழுதியது நான். பிறகு வந்து விழும் ஒவ்வொரு தகவலும் ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் நிரலை எழுதியது எங்கள் லீடு, அதாவது குழுவின் தலைவர். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை டிக் விழும். கம்பெனியில் அந்த டிக்குக்கு இருக்கிற மரியாதை கோயில் திருநீறுக்குக்கூட இருக்காது.

போன கோடையில் ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் வந்தது. திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களுக்கு லாரியில் குடிதண்ணீர் அனுப்புகிறவர்கள். அதுவரை ஊர் ஊராகப் போன் போட்டுக் கேட்டுத்தான் லாரி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் எல்லாம் தானாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஊருக்கு ஒரு மழைமானி, அதைப் பார்த்துத் தினமும் காலையில் போனில் பதிவு செய்ய ஊருக்கு ஒரு பெண். ஒரு வாரத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மழை பதிவானால் அந்த ஊருக்கு அந்த வாரம் லாரி கிடையாது, வேறு ஊருக்குப் போகும். இந்த விதியே எனக்குப் பிடிக்கவில்லை. மழை பெய்தால் கண்மாயில் தண்ணீர் நிற்கும், குடத்தில் நிற்காது. ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்?

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரும் அந்தப் பட்டியலில் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மழைமானி பார்க்கும் வேலைக்கு அக்காவே பேர் கொடுத்தாள். "நீ எழுதுற கம்பியூட்டருக்கு நாந்தான்டி மழை அனுப்பப் போறேன்" என்று போனில் ஒரே சிரிப்பு. வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் கம்பத்தில் கட்டிய அந்தப் பிளாஸ்டிக் குழாயைத் தினமும் காலையில் பல் விளக்கியதும் போய்ப் பார்ப்பாள். அது காய்ந்து கிடக்கும். சைபர், அதாவது பூஜ்யம் என்று தட்டி அனுப்புவாள். போனில் ஒரு பச்சை டிக் வரும். என்ன எண் போய்ச் சேர்ந்தது என்று காட்டாது, டிக் மட்டும்தான். அப்படி வடிவமைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது.

வேலை தொடங்கியபோதே என் நிரல் அந்த ஸ்பெக் ஃபைலில் ஓரிடத்தில் மஞ்சள் எச்சரிக்கை காட்டியது. மழையளவு கட்டாயம் என்று எழுதியிருந்தது. அதே மழையளவுக்குக் கீழே, எதுவும் வராவிட்டால் போட்டுக்கொள்ள டிஃபால்ட்டாக பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றும் எழுதியிருந்தது. கட்டாயம் வந்தே தீர வேண்டிய ஒன்றுக்கு, வராவிட்டால் என்ற பேச்சு எதற்கு? யாரோ மாதிரிக்காக ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறார்கள். லீடிடம் காட்டினேன்.

"எரர் இல்லையே, வார்னிங்தானே? கிளையன்ட் டெமோல மஞ்சளா எதுவும் தெரியக் கூடாது. அந்த செக்கை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க."

அப்படியே விட்டால் பின்னால் இடிக்கும் என்று எழுதியும் அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கி ஒரு பொம்மை அனுப்பினார். மஞ்சள் காட்டிய அந்தச் சோதனையை அணைத்தேன். டெமோ ஜோராக நடந்தது.

இந்த வருடம் சித்திரை நடுவில், ஏற்பாடு நடைமுறைக்கு வந்த இரண்டாவது வாரம், அக்காவிடமிருந்து போன் வந்தது. இந்த முறை சிரிப்பு இல்லை.

"லாரி வரலடி. போன வாரமும் வரல. கேட்டா எங்க ஊர்ல நல்ல மழைன்னு பதிவாகியிருக்காம். டிரைவர் வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போயிட்டாரு. எதுத்த வீட்டுக்காரி, வாய்க்குள்ள எதுவும் நிக்காதே அவளுக்கு, நான்தான் மழை பேஞ்சதா தட்டி விட்டுட்டேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. வானத்தப் பாத்தியாடி? ஒரு பொட்டு மேகம் இருக்கா?"

மொட்டைமாடிக்குப் போய் நின்று பார்த்தேன். கண்ணைத் திறக்க முடியாத வெயில். கீழே வந்து தகவல் தளத்தைத் திறந்தேன். அக்காவின் ஊருக்கு நேராக, நாள் தவறாமல், பன்னிரண்டு மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. சித்திரையில் திருச்சுழிக் காட்டில் அடைமழை. சுற்றியுள்ள ஊர்களுக்கும் அப்படியே பன்னிரண்டு, பன்னிரண்டு. பந்தல்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் மட்டும் ஒருநாள் இரண்டு மில்லிமீட்டர் என்று இருந்தது. அன்றைக்கு அங்கே தூறல் போட்டது உண்மை, எனக்கே தெரியும். ஆக, தூறல் விழுந்த ஊரின் கணக்கில் மழை குறைவு. சொட்டுக்கூட விழாத ஊர்களின் கணக்கில் மழை கொட்டுகிறது.

லீடு எழுதிய நிரலைத் திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, ஒரே வரி. மழையளவு காலியாக இருந்தால் டிஃபால்ட்டைப் போடு என்பதைச் சுருக்கி எழுதியிருந்தார். ஜாவாஸ்கிரிப்டில் அப்படிச் சுருக்கி எழுதினால் எதுவும் வராததும் ஒன்றுதான், சைபர் வந்ததும் ஒன்றுதான். இரண்டையும் காலி என்றே எடுத்துக்கொள்ளும். இது முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சங்கதி. அக்கா அனுப்பிய சைபரைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் இடத்தில் பன்னிரண்டை வைத்து, பன்னிரண்டு எண்தானா என்று சோதித்து, ஆமாம் என்று அவளுக்கே பச்சை டிக் அனுப்பிக்கொண்டிருந்தது எங்கள் சாமர்த்தியம்.

சோதனைக்கு வைத்திருந்த மாதிரித் தகவல்களையும் எடுத்துப் பார்த்தேன். ஐந்து, எட்டு, இருபது, நாற்பது என்று விதவிதமாக மழை. ஒன்றில்கூட சைபர் இல்லை. தண்ணீர் இல்லாத ஊர்களுக்கு லாரி விடுகிற நிரலைச் சோதிக்க உட்கார்ந்தவர்களுக்கு, மழையே பெய்யாத ஒரு நாள் மனதில் தோன்றவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கீழே கடையில் இருந்த மாமியார் ஏறிவந்து யாரிடம் சண்டை போடுகிறாய் என்று கேட்டார்கள். யாரிடமும் இல்லை, தனியாகத்தான் கத்தியிருக்கிறேன்.

மீட்டிங்கில் கடை இரைச்சல் கேட்டால் கேட்கட்டும் என்று மைக்கை அணைக்காமலே பேசினேன். லீடு பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"டேட்டா ஸ்பெக் படி வேலிட்தான். எதுவும் ஃபெயில் ஆகலையே. மாத்துறதா இருந்தா அடுத்த ரிலீஸ்ல பார்ப்போம். அதுவரைக்கும் ஃபீல்ட்ல இருக்கவங்கள சைபருக்குப் பதிலா புள்ளி ஒண்ணுன்னு போடச் சொல்லிடலாம். சிம்பிள்."

"பெய்யாத மழையைப் பெஞ்சதாப் போடச் சொல்றீங்களா?"

"புள்ளி ஒண்ணுதாங்க. இதுக்குப் போய் எமோஷனல் ஆகாதீங்க."

உப்புத் தண்ணீரில் சோறு வடித்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் எமோஷனல் பற்றிப் பேசட்டும். ஆனால் நானும் என்ன செய்தேன்? லாரி வந்தால் போதும் என்று அக்காவுக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து புள்ளி ஒன்று என்று தட்டு என்றேன். 

"பேயாத மழையத் தட்டி விட்டேன்னுதானேடி ஊரு என்னையத் திட்டுது. இப்ப நெசமாவே தட்டச் சொல்றியா? உங்க ஆபீசுல தப்பு பண்ணவுக அதத் திருத்தட்டும். நான் சைபர்தான் போடுவேன்."

வைத்துவிட்டாள்.  மறுநாள் காலையிலும் அவளுடைய சைபர் வந்தது. பன்னிரண்டாக மாறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கே அந்த வரியை மாற்றினேன். தகவல் உண்மையிலேயே வராதபோது மட்டும்தான் காலி, சைபர் வந்தால் அது சைபர். ஸ்பெக் ஃபைலிலிருந்த பன்னிரண்டையும் எடுத்துக் கடாசினேன். சோதனைத் தகவல்களில் முதல் வரியாக ஒரு சைபரைச் சேர்த்தேன். அணைக்கச் சொன்ன செக்கை மறுபடி போட்டேன். யாரிடமும் அனுமதி கேட்காமல் அப்படியே ஏற்றிவிட்டேன். போனிலிருந்து வந்த மூலத் தகவல் தனியாகச் சேமிப்பில் இருந்ததால் பழைய பதிவுகளும் திருந்தின. அந்த வாரமே அக்காவின் ஊருக்கு லாரி போனது.

லீடு என்னைக் கூப்பிட்டு நடைமுறை, ஒழுங்கு என்றெல்லாம் வகுப்பெடுத்தார். கேட்டுக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அடுத்து வந்த காகிதத்தால்தான். தொண்டு நிறுவனத்துக்கு எங்கள் கம்பெனி அனுப்பிய விளக்கத்தில், களப்பணியாளர்களின் பதிவில் நேர்ந்த முரண்பாடு கண்டறிந்து சரிசெய்யப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். களப்பணியாளர் என்றால் என் அக்கா. மாற்றி எழுதுங்கள், தப்பு நம்முடையது என்று எழுதுங்கள் என்று சண்டை போட்டேன். தண்ணி போகுதில்ல, ஒரு வரில என்ன இருக்கு என்றார் லீடு. அந்த ஒரு வரியில் இருந்தது அக்காவின் பெயர்.

அடுத்த லாரி வரும் நாளில் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். எம்.ரெட்டியபட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, லாரிக்கு முன்னால் குடங்கள் வரிசையாக நின்றன. அக்காவும் வரிசையில் நின்றாள். முன்னே ஒருத்தி, பின்னே ஒருத்தி, யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிரைவர் அந்த விளக்கத்தை எல்லோருக்கும் சொல்லியிருந்தார். எதிர்வீட்டுக்காரி என்னைக் கண்டதும் அக்காவிடம் சத்தமாகவே கேட்டாள்.

"இப்பவாச்சும் நெசத்தப் போட்டியே ஆத்தா. இத முன்னாடியே செஞ்சிருந்தா பிள்ளைக உப்புத் தண்ணியக் குடிச்சு இப்படி வயித்தால போயிருக்குமா?"

நான் லாரியின் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அக்கா முதல் நாளிலிருந்து சைபர்தான் போட்டாள், அதை மழையாக மாற்றியது எங்கள் கம்பெனியின் நிரல், தப்பு எங்களுடையது, அதைக் கண்ணால் பார்த்துத் திருத்தியவள் நான். தொண்டை வறண்டுபோகும் அளவுக்குச் சொன்னேன். கேட்டார்கள். அடுத்த குடத்தைக் குழாய்க்குக் கீழே நகர்த்தினார்கள்.

"கூடப் பிறந்தவ, பின்ன எப்படிப் பேசுவா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அக்கா நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் கம்பத்தோடு பிடுங்கிய மழைமானி, மறுகையில் பதிவு செய்யக் கொடுத்த போன். இரண்டையும் எதிர்வீட்டுக்காரியின் காலடியில் வைத்தாள்.

"நாளையிலருந்து நீயே பாரு. நீயே தட்டு."

அவளும் சளைக்காமல் எடுத்துக்கொண்டாள். இப்போது தினமும் காலையில் அந்த ஊரிலிருந்து வரும் பதிவை மாடி அறையில் உட்கார்ந்து நான் பார்க்கிறேன். அவளும் சைபர்தான் அனுப்புகிறாள். அது சைபராகவே நிற்கிறது, லாரி தப்பாமல் போகிறது. போன வாரம் அக்கா போன் பண்ணியபோது அதைப் பற்றி நானாகவே கேட்டேன்.

"இவ பாக்க ஆரம்பிச்சதிலருந்துதான் லாரி ஒழுங்கா வருதுன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாகடி" என்றாள்.