கிட் பையும் வார்பர்க் மாவட்டமும்

சகல கிரிக்கெட் பெருமக்களுக்கும் அறிவிப்பது யாதெனில், மட்டையும் ஸ்டம்புமாக நமது கிட் பை இனி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வாசம் செய்யும். செய்தி இத்தோடு முடிந்தால் தேவலை. இதுவரை பையைத் தன் வீட்டில் வைத்திருந்த நம் அம்பயர் சேஷு மாமா செவ்வாய்க்கிழமை காலமானார். பால் வாங்கப் போன இடத்தில் சொன்னார்கள். பாலை வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

மாமா கம்பெனி வேலையாக ஜெர்மனியில் வார்பர்க் என்ற ஊரில் ஒரு வருடம் இருந்தவர். எதைக் கேட்டாலும் அங்கே போய்விடுவார்.

"முதல்ல அதை பிஷப் ஆண்டார். அப்பறம் பிரஷ்யாக்காரன். நடுவுல நெப்போலியனோட தம்பி. திரும்பவும் பிரஷ்யாக்காரன்..."

"மாமா, அவுட்டா இல்லையா, அதைச் சொல்லுங்கோ!"

விரல் மேலே போகும். சரித்திரம் நிற்காது.

போன வருடம் நம் மயிலாப்பூர் அணியில் ஏழு பேர்தான் மிஞ்சினோம். சாந்தோம் அணியோடு சேர வேண்டிய நிலை. அவர்களிடம் மைதானம் இருந்தது, உருப்படியான மட்டை இல்லை. அவர்கள் கேப்டன் முருகன் நிபந்தனை போட்டான்:

"பேரு சாந்தோம்தான் நைனா. உங்காளுங்க ஃபீல்டிங் பண்ணட்டும். பேட்டிங் அப்பால பாத்துக்கலாம்."

வாழ்நாள் முழுக்கப் பந்து பொறுக்குவதா? மாமாவிடம் ஓடினேன். வார்பர்க் மாவட்டத்தையே கலைத்துப் பக்கத்து ஹோக்ஸ்டர் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்று அவருக்கு அப்போதுதான் செய்தி வந்திருந்தது.

"பேர் போச்சேன்னு அந்த ஊர்க்காரா அழறா. பேர் போனா போறது. கலெக்டர் ஆபீஸ் போச்சு பாரு, அதாண்டா நஷ்டம். இனிமே ஒரு கையெழுத்துக்கு அடுத்த ஊருக்கு பஸ் ஏறணும். நீ பேரைக் குடுத்துடு. பை நம்மாத்துலயே இருக்கட்டும்."

முருகனிடம் கறாராகச் சொன்னேன்: பெயர் உனக்கு, பை மாமா வீட்டை விட்டு அசையாது. "இவ்ளோதானா? வெச்சிக்க!" என்று சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டைக்காக மாமா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"முதல்ல இவாள்ள ரெண்டு பேர் பேட்டிங். சரின்னா பையைத் தரேன்."

"இன்னா மாமா, இது வூடா, ஆபீஸா?"

"ஆபீஸ்தாண்டா. கலெக்டர் ஆபீஸ்."

அன்றிலிருந்து நம்மவர் இருவர்தான் முதலில் இறங்குகிறார்கள். இது என் ராஜதந்திரம் என்று மந்தைவெளி வரை பீற்றியிருக்கிறேன். நிஜத்தில், மாமா சொன்னதில் எனக்கு அன்று ஒரு எழுத்தும் விளங்கவில்லை. பை கனம், தூக்கிவரச் சோம்பல். அங்கேயே கிடக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

நேற்று மாமா வீட்டிலிருந்து பையைத் தூக்கிப் பார்த்தேன். தெருமுனை வரைகூட முடியவில்லை. மறுபக்கக் கைப்பிடியை முருகன் பிடித்துக்கொண்டான்.